பதினாறு பூஜ்ஜியங்களுக்கு அப்பால்

பாசத்தை அளக்கும் இயந்திரம் வந்து, பின்னாலேயே அதற்கொரு சட்டமும் வந்து, ஜனங்கள் இரண்டுக்கும் பழகிப்போன காலத்தில், பியூலா தூத்துக்குடி உறவளவு வாரியத்தில் சோதனையாளராக வேலை பார்த்தாள். கணினி நிரல் எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். எழுதியது ஒழுங்காக நடக்கிறதா என்று தட்டிக்கொட்டிப் பார்த்து, சரி என்றால் கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

இயந்திரம் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. முடிதிருத்தும் கடையில் இருப்பதுபோல் ஒரு நாற்காலி, தலைக்கு மேல் கவிழ்த்த கிண்ணம்போல் ஒரு மூடி. உட்கார்ந்தவரிடம் ஒரு பெயரைச் சொல்வார்கள். அவர் வாய் திறக்க வேண்டாம். ஒரு மனிதருக்குள் இருக்கும் பாசம் மொத்தம் ஒன்று. அதில் இன்னார் பங்கு இவ்வளவு என்று திரையில் எண் வரும். பியூலாவின் அம்மா ஞானவடிவுக்கு மூத்தவள் செல்வக்கனி மேல் 0.3, இளையவள் பியூலா மேல் 0.3. மீதி இயேசுவுக்கும், காலமாகிவிட்ட கணவருக்கும், ஒரு வெள்ளாட்டுக்கும் பிரிந்திருந்தது. ஆட்டுக்குக் கணவரைவிடக் கொஞ்சம் கூட. அதை அவள் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

எழுபது வயது தாண்டியவர்கள் தாங்கள் யாரை அதிகம் நேசிக்கிறார்களோ அந்தப் பிள்ளையின் வீட்டில்தான் வசிக்க வேண்டும் என்பது சட்டம். பிடிக்காத வீட்டில் கிடந்து யாரும் கண்ணீர் விடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் கொண்டுவந்தது. பிள்ளைகளின் எண் சமமாக இருந்தால் முறைவைத்துத் தங்கலாம். ஞானவடிவு ஒரு மாதம் தூத்துக்குடியில் பியூலா வீட்டில் இருப்பாள், மறுமாதம் நாசரேத்தில் கனி வீட்டில். வெள்ளாடு நாசரேத்தில் கட்டிக் கிடந்தது. போகவர பஸ் பயணம்தான் அவளுக்கு முக்கியம். ஆற்றுப் பாலம் வந்ததும் ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று தண்ணீர் போகிறதா என்று பார்ப்பாள். நடத்துநர் திட்டினாலும் உட்கார மாட்டாள்.

சிக்கலைக் கிளப்பியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். தன்னையும் தன் தம்பியையும் அம்மா சமமாக நேசிப்பதாகத் திரை காட்டுவது பொய், இரண்டு இலக்கத்துக்கு அப்பால் உள்ளதை வாரியம் மறைக்கிறது என்று வழக்குப் போட்டார். நீதிமன்றம் அவர் பக்கம் பேசியது. உள்ளே பதிவாகியிருக்கும் எண்ணை ஓர் இலக்கம் விடாமல் தசமத்தில் வெளியிட வேண்டும் என்று தீர்ப்பு.

வாரிய இயக்குநர் கோமதிநாயகம் பியூலாவைக் கூப்பிட்டார். பணி ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தவர். எதையும் சண்டையில்லாமல் முடிக்க விரும்புகிறவர்.

"ஏம்மா, எண்ணு எண்ணுதானே? உள்ள இருக்கறத அப்படியே எடுத்து வெளிய போட வேண்டியதுதானே? இதுல சோதனை என்ன வேண்டிக் கெடக்கு?"

"உள்ள இருக்கறது தசமமே இல்ல சார். நம்ம மெஷினுக்கு அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம்னு பாதி பாதியாப் போகத்தான் தெரியும். பத்துல ஒண்ணுன்னு நீங்க சொன்னா, இதுகளையே கூட்டிக் கூட்டி முடிஞ்ச மட்டும் பக்கத்துல வந்து நின்னுக்கும். சரியாப் பத்துல ஒண்ணு வராது. கொஞ்சம் கூடும், இல்லன்னா கொறையும்."

"எவ்வளவு?"

"வரிசையா ஒரு பாட்டம் சைபர் போட்டுட்டு, கடைசில ஒரு அஞ்சு."

"அது ஒண்ணுமே இல்லியேம்மா."

"இதுவரைக்கும் ஒண்ணுமே இல்ல சார். இனிமே அச்சுல வரும்."

கோமதிநாயகம் யோசித்துப் பார்த்துவிட்டு, யோசிப்பதை விட்டுவிட்டார். "நீ சோதிச்சு சரின்னு சொல்லு. போதும்."

பியூலா சோதிக்க ஆரம்பித்தாள். சாதாரண எண்கள் ஒழுங்காக மாறின. விநோதமானவற்றில்தான் வேலை இருந்தது. ஒரு கட்சித் தொண்டர் தலைவர்மேல் வைத்திருந்த பாசம், மொத்தமே ஒன்றுதான் என்ற விதியையும் மீறி, முடிவிலி என்று பதிவாகியிருந்தது. முடிவிலியைத் தசமத்தில் எழுத இயலாது என்று புதிய நிரல் திருப்பி அனுப்பியது. தொண்டர் அந்த மறுப்பைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது. வேலித் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் நிறையப் பேருக்கு மைனஸ் பூஜ்ஜியம். பாசம் பூஜ்ஜியம்தான், ஆனால் முன்னால் ஒரு மைனஸ். தசமத்தில் அந்தக் குறிக்கு இடமில்லை; எல்லாம் வெறும் பூஜ்ஜியமாகிவிட்டன. விதிப்படி அதுவும் சரிதான்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கோமதிநாயகம் அவள் மேசைக்கு வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"எங்க வீட்டம்மாவுக்கு என் மேல எவ்வளவுன்னு பாத்தேன். 'எண் அல்ல'ன்னு வருது. அது நல்லதா, கெட்டதா?"

பியூலா தயங்கினாள். "பூஜ்ஜியத்த பூஜ்ஜியத்தால வகுத்தா அப்படி வரும் சார்."

"யாரு வகுத்தது?"

"யாரும் வகுக்கலை. அது எதோடயும் ஒப்பிட முடியாத ஒண்ணு. பெருசுன்னும் சொல்ல முடியாது, சின்னதுன்னும் சொல்ல முடியாது. தனக்குத் தானே கூட அது சமம் கிடையாது. காலைல கேட்டதும் சாயந்திரம் கேட்டதும் ஒண்ணான்னா, 'இல்ல'ன்னு சொல்லுவாங்க... சொல்லும்."

கோமதிநாயகத்தின் முகம் தெளிந்தது. "அவதான். சந்தேகமே இல்ல, அவளேதான்," என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார்.

கடைசியாக, சோதனையாளர் எல்லோரும் போட்டுப் பார்க்கும் பழைய சோதனை ஒன்றைப் பியூலா போட்டாள். ஒரு பக்கம் 0.3. இன்னொரு பக்கம் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டியது. பள்ளிக்கூடத்தில் இரண்டும் ஒன்று. திரையில் வந்தது இது:

0.299999999999999988897769753748434595763683319091796875

0.3000000000000000444089209850062616169452667236328125

இதுவும் சரிதான். உள்ளே என்ன இருந்ததோ அதை நிரல் ஓர் இலக்கம் பிசகாமல் வெளியே வைத்திருந்தது. பியூலா நாற்காலியில் சாய்ந்தாள். அவளுக்கு அந்தப் பழைய முகாம் ஞாபகம் வந்தது. வாரியம் ஊர் ஊராக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்த காலம். அம்மாவை உட்காரவைத்துக் கனியை அளந்து முடித்தார்கள், 0.3. பியூலாவை அளக்கும்போது பாதியில் கரண்ட் போய்விட்டது. 0.1 வரை வந்திருந்தது. மறுநாள் மிச்சத்தை அளந்து, 0.2, முந்தியதோடு கூட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அவள் தன் வீட்டுப் பதிவைத் திறந்து பார்த்தாள். கனி, இரண்டு ஒன்பது ஒன்பது. பியூலா, மூன்று. அந்த ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இருக்கக் கூடாது என்று தெரிந்தும் இருந்தது.

பிறகு எழுந்து கோமதிநாயகத்தின் அறைக்குப் போனாள்.

"சார், இத வெளியிட்டா வம்பு. எண்ணு சரிதான். ஆனா அது அளந்தவங்களோட பாசம் இல்ல. மெஷினு எண்ண வச்சுக்கிட்ட விதம். ஒரே மூச்சுல அளந்தவங்களுக்கு ஒண்ணு வரும், ரெண்டு தவணையா அளந்தவங்களுக்கு வேற வரும்."

"அப்போ நிரல் தப்பா?"

"இல்ல சார். சரி."

"சரியா இருக்கறதுதான் உன் புகாரா?"

"ஆமா சார். இன்னொரு வழி இருக்கு. அன்னைக்குத் திரையில என்ன காட்டினோமோ, அத எழுத்தா எடுத்துத் தசமமாக்கலாம். மூணுன்னா மூணுதான். எல்லாருக்கும் சமம்."

"கோர்ட்டு உள்ள இருக்கறதக் கேக்குது. வெளிய காட்டினத இல்ல. வெளிய காட்டினதுதான் பொய்னு கேஸே." அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். "உன்னக் கேட்ட கேள்வி ஒண்ணுதான். உள்ள இருக்கறதும் வெளிய வர்றதும் ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

"அப்போ போடு."

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. போட்டாள்.

எண்கள் வெளியான அன்று மாநிலமே கையில் கைப்பேசியோடு வீதியில் நின்றது. இரட்டைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்க மறுத்தார்கள். ஒரு போதகர் தம் சபையார் அனைவரையும் சமமாக நேசிப்பதாகப் பதினெட்டு வருடமாகப் பிரசங்கித்து வந்தவர். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குச் சபையார் வரிசைப்படி வந்து உட்கார்ந்தார்கள், முதலிடம் பிடித்தவர் முதல் பெஞ்சில். வேலித் தகராறு அண்ணன் தம்பிகள் வாரியத்தை முற்றுகையிட்டு, "எங்கள் மைனஸைத் திருப்பிக் கொடு" என்று கோஷம் போட்டார்கள். பரம்பரைப் பகையை ஓர் அரசு அலுவலகம் எப்படி அழிக்கலாம் என்பது அவர்கள் கேள்வி. அண்ணனும் தம்பியும் ஒரே பதாகையை ஆளுக்கொரு முனையில் பிடித்திருந்தார்கள். முகத்தை மட்டும் எதிரெதிர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

எண்கள் வெளியான அன்று சாயங்காலமே கனி வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஒரு கையில் அம்மாவைப் பிடித்திருந்தாள், மறு கையில் அம்மாவின் கூடைப்பை.

"இந்தா, ஒன் அம்மா."

"என்னக்கா இது? மொதல்ல உள்ள வா."

"நான் எதுக்கு வாரேன்? எனக்கு மூணே கிடையாதாம்லா. ரெண்டு ஒம்பது ஒம்பது ஒம்பதுன்னு ஓடுது. ஒனக்கு ஜம்முனு மூணுல தொடங்குது. மூத்த பிள்ளைக்கு முழுசா ஒரு மூணு குடுக்க மனசு வரல பாரேன்."

"அக்கா, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் பதினாறு சைபருக்கு அப்பால இருக்கு. அதுவும் அம்மாட்ட இல்ல, மெஷினுல. அன்னைக்கு முகாமுல கரண்டு போச்சுல்லா, அதனால வந்தது."

"கரண்டு ஊருக்கே போச்சு. கூடினது ஒனக்கு மட்டுந்தானே?"

பியூலா கூடைப்பையை வாங்கக் கை நீட்டினாள்.

"நீதானே சரின்னு கையெழுத்துப் போட்ட?" என்றாள் கனி.

"எண்ணு சரிதான்க்கா..."

"பெறகு என்ன?"

ஞானவடிவு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏட்டி கனி, நான் அப்படியெல்லாம் பாத்து பாத்துக் குடுக்கலட்டி. சும்மா உக்காந்திருந்தேன். மெஷின்காரன் பேரச் சொன்னான், நெனச்சேன்."

"நெனச்சதத்தான் சொல்லுதேன்."

"சரி, உள்ள நெத்திலிக் கொழம்பு மணக்கு. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போ."

"வேண்டாம்," என்று கூடைப்பையை வாசலில் வைத்துவிட்டுக் கனி போய்விட்டாள். ஞானவடிவு தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

பியூலா வீட்டில் ஒரு மாதம் முடிந்ததும் ஞானவடிவு வழக்கம்போலச் சேலை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். பஸ்ஸில், பிள்ளை வீட்டுக்குப் போக வாரியம் கொடுத்திருந்த பயண அட்டை வேலை செய்யவில்லை. "ஒங்களுக்கு மொத உற்றார், அதான் கூடுதல் பாசமுள்ள பிள்ள, நாசரேத்துல இல்லன்னு காட்டுதுல்லா பாட்டி," என்று நடத்துநர் இறக்கிவிட்டார். "எனக்கு ஆடு இருக்குய்யா," என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரும்பி வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கனிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை.

புதிய இயந்திரத்தில் மறு அளவைக்கு மனுப் போடலாம் என்று அறிவிப்பு வந்ததும், பியூலா அம்மாவைத் தானே அழைத்துப்போனாள். வாரியத்தின் கூடத்தில் கிழவர்களும் கிழவிகளும் நிரம்பி வழிந்தார்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகளைச் சமமாக நினைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விரல்விட்டு, பெரியவனுக்கு ஒரு மூச்சு, சின்னவனுக்கு ஒரு மூச்சு என்று அளந்து விட்டுக்கொண்டிருந்தார். ஐந்து பிள்ளை பெற்ற ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

புதிய இயந்திரம் பாதி பாதியாகப் போவதில்லை. நேரடியாகத் தசமத்தில் எழுதும், எவ்வளவு இலக்கம் வேண்டுமானாலும். ஞானவடிவு உட்கார்ந்தாள். கனியின் பெயரைச் சொன்னார்கள், பிறகு பியூலாவின் பெயரை. கொஞ்ச நேரத்தில் அவளை இறக்கிவிட்டார்கள். ஆனால் இயந்திரம் நிற்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தது. அவளுக்கு முன்னால் அளந்தவர்களுடையதும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. காலையில் முதலில் வந்தவர் எண்கூட இன்னும் முடியவில்லை.

கோமதிநாயகம் வியர்த்துப்போய் வந்தார். "பியூலாம்மா, மெஷின் மாட்டிக்கிச்சா என்னன்னு உள்ள போய்ப் பாரு."

பியூலா உள்ளே போய்ப் பார்த்தாள். வெளியே வந்து சொன்னாள்: "மாட்டிக்கிடல சார். நல்லா ஓடுது. பழைய மெஷின் ஒரு அளவோட கைய ஒதறிக்கிட்டு எந்திரிச்சிரும். இதுக்கு நிறுத்தத் தெரியாது. உள்ள இருக்கறது முடிஞ்சாத்தானே முடிக்கும்?"

"எப்ப முடியும்?"

"முடியற மாதிரி தெரியல சார்."

அவர் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சட்டப் பிரதியைப் புரட்டினார். பத்து நிமிஷம் கழித்து அவர் சிரித்ததைக் கூடமே திரும்பிப் பார்த்தது. "அளவை முடியாத எண்களை ஒப்பிடக் கூடாது. ஒப்பிடும்வரை சமம் என்றே கருத வேண்டும். இருபத்தோராம் பிரிவு. ஓடட்டும்மா, ஓடட்டும். எல்லாருக்கும் ஓடட்டும். நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் ஓடினாப் போதும்."

மனுப் போட்ட எல்லோருக்கும் அன்றே சமம் என்று தற்காலிகச் சான்று கொடுத்தார்கள். கூடத்தில் கைதட்டினார்கள். ஐந்து பிள்ளை அம்மா சுவரில் சாய்ந்து அழுதாள்.

பியூலா கைதட்டவில்லை. மாட்டிக்கொண்டதா என்று பார்க்கப் போனவள் திரையைப் பார்க்காமல் எப்படி வர முடியும்? இரண்டு எண்களும் அருகருகே ஓடிக்கொண்டிருந்தன. வித்தியாசத்தைத் தேட எந்தப் பூஜ்ஜியத்துக்கு அப்பாலும் போக வேண்டியிருக்கவில்லை. முதல் இலக்கத்திலேயே இருந்தது. கனிக்கு நான்கில் தொடங்கியது. அவளுக்கு இரண்டில்.

ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தி, இதுவரை வந்தது போதும் என்று ஒரு பொத்தானை அழுத்தினால் கணக்கு முடிந்துவிடும். அந்த அதிகாரம் சோதனையாளருக்கு உண்டு. அவள் திரையை அணைத்துவிட்டு, இயந்திரத்தை ஓட விட்டுவிட்டுத்தான் வெளியே வந்திருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவில், ஒரு திருப்பத்தில் ஞானவடிவு கேட்டாள்: "நீ பாத்துட்டியோ?"

"எத?"

"அந்த எண்ண."

"இல்லம்மா. அது ஓடிக்கிட்டுல்லா இருக்கு."

"பாத்திருந்தா மனசுல வச்சுக்கிடாத." ஞானவடிவு வெளியே பார்த்தபடி சொன்னாள். "அவ சாப்பிடாமப் போயிட்டாட்டி. கோவிச்சுக்கிட்டுப் போன பிள்ள. நெத்திலின்னா உசுர விடுவா, திரும்பிக்கூடப் பாக்காமப் போனா. ஒன் பேரச் சொல்லும்போதும் எனக்கு அந்த நெனப்புத்தான். ஒன்னய நெனைக்க என்ன இருக்கு? நீ பக்கத்துல இருக்க, சாப்பிட்ட, நல்லா இருக்க."

பியூலா அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று இரவே கனிக்குச் சான்றின் படத்தை அனுப்பினாள். கனி ஒரு மணி நேரம் கழித்துப் பதில் போட்டாள்: "சமமா? சரி. ஆடு எளைச்சுப் போச்சு. நாளைக்கே அனுப்பி வை."

காலையில் பஸ் நிலையத்தில் கூட்டம் அதிகமில்லை. ஞானவடிவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அட்டை வேலை செய்தது. மடியில் கூடைப்பையும் அதற்குள் பியூலா வாங்கிக் கொடுத்த மக்ரூன் இனிப்புப் பொட்டலமும். முகத்தில் அத்தனை சந்தோஷம். பியூலா கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டியை எடுக்க ஐந்து நிமிஷம் இருந்தது.

"அந்த மக்ரூன்ல பாதிய இங்க வச்சுட்டுப் போயிருக்கலாம்லா?" என்றாள் பியூலா திடீரென்று.

"நீதானட்டி கனிக்குன்னு வாங்கிக் குடுத்த?"

"ஆமா, எல்லாம் அவளுக்குத்தான். எனக்கு ஒண்ணும் வேண்டாம். அங்கேயே இரு. அடுத்த மாசம் வரவும் வேண்டாம்."

"ஏட்டி, என்ன ஆச்சு ஒனக்கு? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்த?" ஞானவடிவு பொட்டலத்தைப் பிரித்து ஒரு கை அள்ளி ஜன்னல் வழியே நீட்டினாள். "இந்தா, பிடி. ஒண்ணு தின்னு. ஏ பியூலா!"

"வேண்டாம். காலைலயும் நான் சாப்பிடல," என்றாள் பியூலா. அது பொய். நாலு இட்லி தின்றிருந்தாள். பிறகு விறுவிறுவென்று திரும்பி நடந்தாள்.

பஸ் கிளம்பியது. வளைவில் திரும்பும்வரை ஜன்னலுக்கு வெளியே ஒரு தலையும், மக்ரூனைப் பிடித்த ஒரு கையும் தெரிந்தன. பியூலா திரும்பிப் பார்க்கவில்லை. கடைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். பிறகு ஒரு டீ சொல்லி, நின்று நிதானமாகக் குடித்தாள்.

மதியம் கனி போன் செய்தாள்.

"அம்மாட்ட என்னட்டி சொன்ன நீ? பாலம் வந்ததுகூடத் தெரியலையாம் அவியளுக்கு. ஆட்டையும் பாக்கல, கொழம்பு வச்சேன் தொடல. வந்ததுல இருந்து ஒம் பேரயே சொல்லிட்டு உக்காந்திருக்காவ."

"அப்படியா?" என்றாள் பியூலா. "எத்தன தடவ சொன்னாவ?"